41 படிப்புகள், 12 இடங்கள்: யூ.பி.யூ. பட்டியலைச் சுருக்குவது எப்படி?

எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் முடித்தவர்கள் வீட்டில் ஒவ்வோர் ஆண்டும் இதே பேச்சுதான். யூ.பி.யூ. இணையத்தளத்தில் 12 விருப்பங்களை நிரப்ப வேண்டும். எதைப் போடுவது? எதை முதலில் போடுவது?

நாட்டில் 20 பொதுப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. யூ.பி.யூ.வின் இ-பண்டுவான் வழிகாட்டிப் பக்கத்தைத் திறந்து உங்கள் பிரிவைத் தட்டினால் விரல் வலிக்கும் வரை உருட்டலாம். கணினி, கணக்கியல், கடல்சார் அறிவியல், காட்டுவளம், தமிழ்க்கல்வி, உளவியல் என்று வரிசை போய்க்கொண்டே இருக்கும். இது போதாதென்று கோயிலில் பார்க்கும் மாமா "லோ எடும்மா" என்பார். பக்கத்து வீட்டு ஆண்ட்டி தன் மகன் படித்த படிப்பைச் சொல்வார். டெலிகிராம் குழுவில் நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். பட்டியலில் சேர்க்கச் சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள். எடுக்கச் சொல்ல ஒருவரும் இல்லை.

மாசாயில் இருக்கும் என் சித்தி மகள் அப்படித்தான் ஒரு பயிற்சி நோட்டில் 41 படிப்புகளை எழுதி வைத்திருந்தாள். கலைப்பிரிவில் எஸ்.டி.பி.எம். எழுதியவள். பி.என்.ஜி.கே. 3.50. புறப்பாடப் புள்ளி 10-க்கு 8. மூயெட் 3.5. கணக்கியல் படிக்க ஆசை. ஆனால் நோட்டில் கணக்கியலோடு சட்டம், சுற்றுலா, மனிதவளம், தமிழ்க்கல்வி, அனைத்துலக உறவு எல்லாம் கலந்து கிடந்தன. நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிப்பவள் என்பதால், "அக்கா, நீங்களே சொல்லுங்க" என்று நோட்டை என் கையில் கொடுத்துவிட்டாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்தோம். நான் எதையும் தேர்ந்தெடுத்துக் கொடுக்கவில்லை. பென்சிலை அவளிடமே கொடுத்து, அடிக்க முடிந்ததை அடிக்கச் சொன்னேன்.

முதலில் போனவை, விண்ணப்பித்தாலும் கிடைக்காதவை. வீட்டுக்குப் பக்கம் என்று யூ.ஐ.டி.எம். சிகாமட் வளாகத்தையும் சேர்த்து மூன்று வரி எழுதியிருந்தாள். யூ.ஐ.டி.எம். இளங்கலைப் படிப்புகள் பூமிபுத்ரா மாணவர்களுக்கானவை. மூன்றும் போயின. அடுத்து, ஒவ்வொரு படிப்புக்கும் உள்ள சிறப்பு நிபந்தனை. பொது நிபந்தனை நமக்குத் தெரியும்: எஸ்.பி.எம்.-இல் மலாய் மொழியில் கிரெடிட், வரலாற்றில் தேர்ச்சி, எஸ்.டி.பி.எம்.-இல் குறைந்தது 2.00, மூயெட். சிறப்பு நிபந்தனையைத்தான் யாரும் படிப்பதில்லை. எஸ்.டி.பி.எம். எழுதிவிட்டோம், இனி எஸ்.பி.எம். பழைய கதை என்று நினைக்கிறோம். இங்கே எஸ்.பி.எம். மறுபடியும் எழுந்து வரும். கணக்கியலுக்கு எஸ்.பி.எம். கணிதம் பார்ப்பார்கள். சில படிப்புகளுக்குக் கூடுதல் கணிதம், சிலவற்றுக்கு அறிவியல். சிலவற்றுக்கு நிறக்குருடு இருக்கக் கூடாது. மூயெட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல. அவள் எழுதியிருந்த சட்டப் படிப்புகள் அவளிடம் இருந்ததைவிட உயர்ந்த பேண்ட் கேட்டன. கோயில் மாமாவின் ஆசை அங்கேயே முடிந்தது. அவளுக்கு அதில் வருத்தமும் இல்லை, அது அவள் ஆசையே இல்லை.

41 வரி 29 ஆனது. இதற்கு ஒன்றரை மணி நேரம்தான் பிடித்தது. ஆனாலும் என் வகுப்பில் இருந்த பலர் இதைச் செய்யாமலேயே 12 இடத்தையும் நிரப்பியவர்கள். தகுதியே இல்லாத படிப்பு ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால், உங்களிடம் இருப்பது 12 வாய்ப்பு அல்ல, 11 தான்.

அடுத்து நாங்கள் அதிக நேரம் செலவிட்டது படிப்புகளின் பெயரில். கணக்கியல், நிதி, வணிக நிர்வாகம், வங்கியியல் ஆகியவை நோட்டில் அண்ணன் தம்பி மாதிரி வரிசையாக நின்றன. "எல்லாம் ஒண்ணுதானே அக்கா, கணக்குதானே?" என்றாள். ஒன்று இல்லை. மலேசியாவில் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் ஆக வேண்டுமானால் மலேசியக் கணக்காளர் கழகமான எம்.ஐ.ஏ.-வில் உறுப்பினராக வேண்டும். 1967-ஆம் ஆண்டின் கணக்காளர் சட்டத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது. எந்தெந்த உள்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் கணக்கியல் பட்டம் அதற்கு ஏற்றது என்று அதில் போட்டிருக்கும். நிதிப் பட்டமும் நல்ல பட்டம்தான். ஆனால் அதை முடித்துவிட்டு கணக்காளர் ஆக நினைத்தால், பிறகு தனியாகத் தொழில்முறைத் தேர்வுகள் எழுதி வர வேண்டியிருக்கும். நான்கு ஆண்டு கழித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமா இது?

அறிவியல் பிரிவு மாணவர்களுக்கு இதே பொறி வேறு உருவத்தில் இருக்கிறது. பொறியியல் ஒரு படிப்பு. பொறியியல் தொழில்நுட்பம் இன்னொரு படிப்பு. நம் ஜொகூரிலேயே யூ.டி.எச்.எம். இரண்டையும் நடத்துகிறது. அதன் பொறியியல் தொழில்நுட்பத் துறை பாகோ வளாகத்தில் இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட பொறியியல் பட்டம் பெற்றவர் மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியாளராகப் பதிந்து, பிறகு 'இர்' பட்டத்தை நோக்கிப் போகலாம். பொறியியல் தொழில்நுட்பம் படித்தவருக்கான பாதை தொழில்நுட்பவியலாளர் பாதை, அது 'டிஎஸ்' பட்டத்தை நோக்கிப் போகும். ஒன்று உயர்வு, ஒன்று தாழ்வு என்று நான் சொல்லவில்லை. கையால் செய்து பார்ப்பதில் விருப்பம் உள்ளவனுக்கு இரண்டாவது பாதைதான் பிடிக்கும். பெயரைப் பார்த்து இரண்டும் ஒன்று என்று போட்டுவிட்டு உள்ளே போய்த் திகைப்பதுதான் பிரச்சினை. மலேசியா 2009-இல் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் சேர்ந்ததால், இங்கே அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டத்துக்கு மற்ற உறுப்பு நாடுகளிலும் மதிப்பு உண்டு. அந்த அங்கீகாரப் பட்டியலைப் பொறியாளர் வாரியத்தின் தளத்திலேயே பார்க்கலாம்.

நோட்டில் இப்போது 19 வரி.

இனி இடம். இந்த ஒரு விஷயத்தில் தமிழ் மாணவர்கள் மட்டுமல்ல, எல்லாரும் ஏமாறுகிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். பல்கலைக்கழகத்தின் பெயர் ஓர் ஊரைச் சொல்லும், படிப்பு இன்னோர் ஊரில் நடக்கும். யூ.எஸ்.எம். என்றால் பினாங்கு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அதன் மருத்துவப் படிப்பு கிளந்தானில் குபாங் கிரியானில் இருக்கிறது. பொறியியல் நிபோங் திபாலில். யூ.பி.எம். என்றால் செர்டாங். ஆனால் சரவாக்கின் பிந்துலுவிலும் அதற்கு வளாகம் உண்டு. யூ.எம்.எஸ். கோத்தா கினபாலுவில் இருக்கிறது, லாபுவானிலும் சண்டாகானிலும் கூட இருக்கிறது. யூ.கே.எம். பாங்கியில், அதன் மருத்துவமனையும் மருத்துவத் துறையும் கோலாலம்பூர் செராஸில். யூ.டி.எம். ஸ்கூடாயில் இருந்தாலும் கோலாலம்பூரிலும் பாகோவிலும் அதற்கு இடம் உண்டு.

என்னோடு ஆறாம் படிவத்தில் படித்த ஒரு நண்பன் 11-ஆவது இடத்தில் ஒரு படிப்பைச் சும்மா போட்டு வைத்தான். அதுவே கிடைத்தது. கடிதம் வந்த பிறகுதான் வளாகம் அவன் நினைத்த மாநிலத்திலேயே இல்லை என்று தெரிந்தது. அந்தப் படிப்பும் அவனுக்குப் பிடித்ததல்ல. மேல்முறையீடு செய்தான், கிடைக்கவில்லை. அந்த ஆண்டு முழுவதும் விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூர் தொழிற்சாலைக்குப் போனான். கையில் சிங்கப்பூர் வெள்ளி புரண்ட பிறகு திரும்பப் படிக்க வருவது எவ்வளவு கடினம் என்று ஜொகூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே நோட்டில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே பல்கலைக்கழகத்தின் பெயரை அடித்துவிட்டு ஊரின் பெயரை எழுதச் சொன்னேன். பாங்கி, செர்டாங், சிந்தோக், குவாலா நெருஸ், கோத்தா சமாரஹான் என்று ஊர்களாகப் பார்த்தபோது நோட்டு வேறு மாதிரி தெரிந்தது.

அதுவரை ஹாலில் செய்தி பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா இந்த ஊர்ப்பெயர்களைக் கேட்டதும் எழுந்து வந்துவிட்டார். பாசிர் கூடாங் துறைமுகத்துக்குக் கொள்கலன் லாரி ஓட்டுபவர். நாடு முழுக்கச் சாலை தெரிந்தவர். "சிந்தோக் எங்க இருக்கு தெரியுமா? தாய்லாந்து எல்லைக்குப் பக்கத்துல. பொம்பளப் புள்ள, எதுக்கு அவ்ளோ தூரம்? ஜொகூர்ல இருக்கறத மட்டும் போடு" என்றார்.

ஜொகூரை மட்டும் வைத்தால் நோட்டில் மிஞ்சுவது நான்கு வரிதான். அதில் கணக்கியலுக்குச் சம்பந்தமில்லாத படிப்பும் இருந்தது. நான் எதிர்த்துப் பேசவில்லை. "சித்தப்பா, பத்து பகாட் போட்டா சரியா?" என்று கேட்டேன். சரி என்றார். யூ.டி.எச்.எம். இருப்பது பாரிட் ராஜாவில். மாசாயிலிருந்து நூறு கிலோ மீட்டருக்கு மேல். தினமும் போய்வர முடியாது. பாகோ இன்னும் தூரம். நம் மாநிலத்தில் இருந்தும் விடுதியில்தான் தங்க வேண்டும். வீட்டிலிருந்து போய்வரக் கூடியது என்று பார்த்தால் ஸ்கூடாய் ஒன்றுதான். அதுவும் காலை நெரிசலில் என்ன பாடு என்று அவருக்கே தெரியும்.

"அப்போ எங்க போனாலும் ஹாஸ்டல்தானா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

சமையலறையிலிருந்து சித்தி சொன்னார்: "உங்க அக்காவுக்கும் அந்தக் காலத்துல டீச்சர் காலேஜ்ல எடம் கெடச்சுது. தூரம்னு தாத்தா விடல. இப்பவும் தீபாவளிக்கு வந்தா அதத்தானே சொல்றாங்க." சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

அதன் பிறகு பேச்சு 'பக்கமா, தூரமா' என்பதிலிருந்து மாறியது. ஆண்டுக்கு எத்தனை முறை வீட்டுக்கு வருவாள், ஒரு முறைக்கு எவ்வளவு ஆகும், உடம்பு சரியில்லை என்றால் பக்கத்தில் மருத்துவமனை இருக்கிறதா, முதல் ஆண்டில் விடுதி கிடைக்குமா என்று கேட்டார். இவை பதில் சொல்லக்கூடிய கேள்விகள். பாங்கிக்கும் செர்டாங்குக்கும் லார்க்கினிலிருந்து பஸ் ஏறினால் பகலிலேயே போய்விடலாம். சிந்தோக் 700 கிலோ மீட்டருக்கு மேல், இரவு முழுக்கப் பயணம். சபா, சரவாக் என்றால் விமானம்தான். செனாயிலிருந்து நேரடி விமானம் உண்டு, ஆனால் பெருநாள் காலத்தில் டிக்கெட் விலை ஏறிவிடும். ஒவ்வொரு ஊருக்கும் எதிரே ஆண்டுக்கு மூன்று முறை வந்துபோகும் செலவைப் பென்சிலால் எழுதினோம். சரவாக்கும் சபாவும் அதில் அடிபட்டன. சிந்தோக் தப்பித்தது. சித்தப்பாதான் அதை அடிக்க வேண்டாம் என்றார். யூ.யூ.எம். நிர்வாகத் துறைகளுக்கென்றே 1984-இல் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகம், கணக்கியலில் பெயர் பெற்றது என்று நான் சொன்னது காரணமா, சித்தி சொன்னது காரணமா, தெரியாது.

கல்விக் கட்டணத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. பொதுப் பல்கலைக்கழகங்களில் அரசாங்க மானியம் இருப்பதால் பட்டியலில் உள்ள படிப்புகளுக்கிடையே கட்டண வேறுபாடு பெரிதல்ல. பெரிய செலவு சாப்பாடும் போக்குவரத்தும்தான். பி.டி.பி.டி.என். கடனுக்கு முதலில் எஸ்.எஸ்.பி.என். கணக்கு வேண்டும். அதை இப்போதே திறந்து வைப்பது நல்லது. பதிவு நாளில் கையில் பணம் இல்லாத குடும்பங்களுக்குக் கடனிலிருந்து முன்பணம் பெறும் வழியும் உண்டு. கடிதம் வந்த பிறகு அலைவதைவிட, நிபந்தனைகளை முன்பே படித்து வையுங்கள்.

இரண்டாவது ஞாயிறு மெரிட் கணக்கு. இதைப் பலர் ஏதோ மந்திரம் மாதிரி பேசுகிறார்கள். சாதாரணப் பெருக்கல்தான். பி.என்.ஜி.கே.-யை 4-ஆல் வகுத்து 90-ஆல் பெருக்க வேண்டும். அதோடு 10-க்குப் பெற்ற புறப்பாடப் புள்ளியைக் கூட்ட வேண்டும். அவளுக்கு 3.50 என்றால் 78.75. புறப்பாடம் 8. மொத்தம் 86.75. புறப்பாடத்தில் இன்னும் ஒன்றரைப் புள்ளி இருந்திருந்தால் 88.25 ஆகியிருக்கும். ஆறாம் படிவத் தம்பி தங்கைகளே, கழகக் கூட்டத்துக்கு மட்டம் போடும் முன் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்கள். அந்த ஒன்றரைப் புள்ளியைத் தேர்விலிருந்து எடுக்க வேண்டுமானால் பி.என்.ஜி.கே. 0.07 அளவு ஏற வேண்டும்.

இ-பண்டுவானில் ஒவ்வொரு படிப்புக்கும் முந்தைய சேர்க்கையின் சராசரி மெரிட்டைப் போட்டிருப்பார்கள். இங்கே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். அது சராசரி, குறைந்தபட்சம் அல்ல. சராசரி 88 என்றால் 88-க்குக் கீழேயும் ஆள் எடுத்திருக்கிறார்கள், மேலேயும் எடுத்திருக்கிறார்கள். ஆண்டுக்கு ஆண்டு அது மாறவும் செய்யும். 86.75 வைத்திருப்பவள் 88-ஐப் பார்த்து ஓட வேண்டியதில்லை. ஆனால் 96-ஐப் பார்த்து ஐந்து இடங்களை வீணாக்கவும் கூடாது. அவள் தன் புள்ளிக்கு மிக மேலே இருந்த நான்கில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டாள். தன் புள்ளிக்கு அருகில் இருந்தவை ஆறு. நன்றாகக் கீழே இருந்தவற்றில் நான்கு. அதோடு 12 ஆகிவிட்டது. நேர்முகத் தேர்வு உள்ள படிப்பு என்றால் மெரிட் மட்டும் போதாது என்பதையும் மறக்க வேண்டாம். அவள் பட்டியலில் இருந்த உப்சி தமிழ்க்கல்வி அப்படிப்பட்டது. தஞ்சோங் மாலிமில் 1922-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிய இடம் அது. அங்கே ஆசிரியர் ஆகத் தகுதியானவரா என்று பேசிப் பார்ப்பார்கள்.

வரிசையில்தான் கொஞ்சம் சண்டை வந்தது. பாதுகாப்பானதை முதலில் போட்டால் நிச்சயம் கிடைக்கும், ஆசைப்பட்டதைப் பின்னால் போடலாம் என்றாள். யூ.பி.யூ. ஒருவருக்கு ஓர் இடம்தான் தரும். முதல் இடத்தில் உள்ளது கிடைத்துவிட்டால், மூன்றாவதில் வைத்த ஆசைக்கு வேலையே இல்லை. ஆகவே எளிதில் கிடைப்பதை மேலே போடுவது, தனக்குத்தானே கதவைச் சாத்திக்கொள்வது. எது கிடைத்தால் அதிக மகிழ்ச்சியோ அது முதலில், அடுத்த மகிழ்ச்சி அடுத்து. பாதுகாப்பானவை கீழே. கடைசி இடத்தில் இருப்பதும் கிடைத்தால் பெட்டி கட்டிக்கொண்டு போகக்கூடியதாக இருக்க வேண்டும். என் நண்பனின் கதையை அப்போதுதான் அவளுக்குச் சொன்னேன். உடனே 12-ஆவது இடத்தில் இருந்த சுற்றுலா நிர்வாகத்தை அடித்துவிட்டுத் தமிழ்க்கல்வியை அங்கே எழுதினாள். பிறகு யோசித்து ஆறாவது இடத்துக்கு ஏற்றினாள். கணக்கியல் கிடைக்காவிட்டால் ஆசிரியர் வேலைதான் பிடிக்கும் என்று அன்றுதான் அவள் வாயிலிருந்து வந்தது. நோட்டில் அந்த வரி முதலிலிருந்தே இருந்தது. 41 வரிகளுக்கு நடுவே அவளுக்கே தெரியவில்லை.

யூ.பி.யூ.வுக்கு வெளியே உள்ளவற்றையும் சொல்லிவிடுகிறேன். தனியார் கல்லூரிகளிலிருந்து அவளுக்கு மூன்று அழைப்புக் கடிதங்கள் வந்திருந்தன. மூன்றிலும் 'உபகாரச் சம்பளம்' என்று பெரிதாக எழுதியிருந்தது. ஒன்றை முழுதாகப் படித்தோம். அது கட்டணத்தில் ஒரு தள்ளுபடி. ஒவ்வொரு செமஸ்டரிலும் குறிப்பிட்ட புள்ளியைத் தக்கவைத்தால்தான் தொடரும். தவறாக ஒன்றும் இல்லை, ஆனால் நான்கு ஆண்டுக் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். எந்தத் தனியார் படிப்பாக இருந்தாலும் எம்.கியூ.ஏ.-வின் எம்.கியூ.ஆர். பதிவேட்டில் அதே படிப்பு, அதே வளாகத்தின் பெயரில் இருக்கிறதா என்று தேடுங்கள். தற்காலிக அங்கீகாரமா, முழு அங்கீகாரமா என்பதையும் பாருங்கள். அங்கீகாரம் இல்லாவிட்டால் பி.டி.பி.டி.என். கடனும் இல்லை. இஸ்கண்டார் புத்ரி எடுசிட்டியில் உள்ள வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் கிளைகளும், கெடாவில் உள்ள எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகமும் தனியாக விண்ணப்பிக்க வேண்டியவை. அவை உங்கள் 12 இடத்தில் சேராது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் என்.யூ.எஸ்., என்.டி.யூ. இரண்டும் எஸ்.டி.பி.எம். சான்றிதழை ஏற்கின்றன. அங்கே அரசாங்க மானியத்தில் படிக்கும் வெளிநாட்டு மாணவர் பட்டம் முடித்து மூன்று ஆண்டு சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்ய ஒப்பந்தம் போட வேண்டும். ஜொகூர்க்காரர்கள் பலருக்கு அது ஒரு நிபந்தனையாகவே தோன்றுவதில்லை. ஆனால் மானியம் போக மிஞ்சும் கட்டணமே சிங்கப்பூர் வெள்ளியில் என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

விண்ணப்பத்தை அனுப்பிய பிறகும் காலக்கெடு முடியும் வரை வரிசையை மாற்றலாம். கடைசி இரவு தளம் நெரிசலாக இருக்கும், அதனால் இரண்டு நாள் முன்பே முடித்துவிடுவது நல்லது. அனுப்பியதற்கான சீட்டை அச்சடித்து வையுங்கள். தம்பியின் கைப்பேசி எண்ணைக் கொடுக்காமல் உங்கள் எண்ணையும் நீங்கள் தினமும் திறக்கும் மின்னஞ்சலையும் கொடுங்கள். நேர்முகத் தேர்வு அழைப்பு அங்கேதான் வரும்.

அவள் பட்டியலில் முதல் ஐந்தும் கணக்கியல். சிந்தோக் நான்காவது இடத்தில் இருக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை. சித்தப்பா வடக்கே லாரி எடுத்துப் போனபோது சாங்லூன் வரை போய், பல்கலைக்கழக வாசலைப் படம் பிடித்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். கீழே ஒரு வரி: "சாப்பாட்டுக் கடை நெறைய இருக்கு."